இசக்கியம்மாள் அணைத்த கற்பூரம்

இசக்கியம்மாள் பொய் சொல்ல மாட்டாள் என்பது அரவேணுக்குக் கீழே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அதுதான் தொல்லையே. குழம்பில் உப்பு கூடிப்போனால் ஆக்கியவள் முகத்துக்கு நேரே சொல்வாள். கல்யாணப் பெண்ணுக்கு மூக்கு சப்பை என்றால் பந்தலிலேயே சொல்வாள். உண்மையைச் சொன்னால் போதும், அதில் தப்பு வராது என்பது அவள் கட்சி. நம்மில் பாதிப் பேருக்கும் அதே கட்சிதான். மற்றவர்கள் நோகும்போது நம் கை சுத்தமாக இருப்பதாகத் தோன்றுகிறதல்லவா, அந்த வசதியை யார் விடுவார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் மழை இல்லாமல் போன ஒரு வருஷம், புருஷன் சங்கிலியோடு கங்காணியின் பின்னால் மலையேறி வந்தவள் அவள். வந்த புதிதில் குளிர் தாங்காமல் சாக்கைப் போர்த்திக்கொண்டு அழுதாள். பிறகு பழகிவிட்டது. இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்து, குன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் கட்டிக்கொடுத்தாள். வெள்ளைக்காரத் துரைகள் மாறி மாறி வந்து போனார்கள். அவள் அதே சரிவில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். மழையும் குளிரும் அவளது வலது முழங்காலைத் தின்றுவிட்டன. இறக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பாளே தவிர, யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

புதிதாக வந்த துரையின் மனைவிக்கு ஒரு விஷயம் பொறுக்கவில்லை. தாய்மார்கள் கைக்குழந்தைகளை நிழல் மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலை செய்தார்கள். தகரக் கூரை போட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகை கட்டச் சொன்னாள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டும். மழை கிடையாது, அட்டைக்கடி கிடையாது, முதுகில் கூடை கிடையாது. காலை நீட்டி உட்காரலாம். கேள்விப்பட்ட அன்றே இசக்கியம்மாள் மனசுக்குள் அந்தக் கொட்டகைக்குக் குடிபோய்விட்டாள்.

ஆனால் கூலிகள் குடியிருந்த லயத்தில் எல்லோர் வாயிலும் சாந்தாமணியின் பேர்தான் இருந்தது.

சாந்தாமணி மேட்டுப்பாளையத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. எதைத் தொட்டாலும் அவளுக்கு அமைந்துவிடும். அவள் தட்டிக்கொடுத்தால் யார் வீட்டுப் பிள்ளையும் தூங்கும். அவள் பேசினால் சிடுமூஞ்சிக் கங்காணி அழகர்சாமியும் சிரிப்பார். இசக்கியம்மாளுக்கு வயிறு எரிந்தது. தலை நரைக்கும் வரை இந்த மண்ணில் உழைத்தவளைப் பார்த்து ஒருத்தரும் சிரித்ததில்லை. நேற்று வந்தவளுக்கு எல்லாம் தானாக வந்து மடியில் விழுகிறது. அவள் கொண்டை போடுகிற அழகைப் பார்த்தால்கூட இவளுக்குக் கோபம் வந்தது.

சாந்தாமணி கெட்டவளாக இருந்தாலாவது நிம்மதியாக வெறுக்கலாம். அவளோ இவளிடம் பிரியமாக இருந்து தொலைத்தாள்.

"கூடைய இப்படிக் குடுங்கக்கா. உங்களுக்குக் காலு நோவுதுங்கல்ல" என்று ஒரு நாள் இறக்கத்தில் கை நீட்டினாள். புருஷனே கவனிக்காத வலி இவள் கண்ணுக்கு எப்படிப் பட்டது என்று இசக்கியம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது. கூடையைக் கொடுக்கவில்லை.

கொட்டகை கட்டி முடிந்த வாரம் மழை விட்டு வெயில் அடித்தது. கொழுந்தை எடை போடும் மத்தியான நிறுவைக்குப் போகும் வழியில் ஓடைக்குக் குறுக்கே ஒரு பலகை உண்டு. முன்னால் சாந்தாமணி போனாள். கொஞ்சம் பின்னால், வளைவில், இசக்கியம்மாள் வந்துகொண்டிருந்தாள். பலகையில் பாசி. சாந்தாமணியின் கால் வழுக்கிற்று. இடுப்பளவு தண்ணீரில் விழுந்தாள். விழுந்தும் கூடைக் கயிற்றை விடவில்லை. முங்கிய கூடையை இழுத்துக் கரையில் வைத்துவிட்டு, தன்னை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டாள். இசக்கியம்மாள் எல்லாவற்றையும் பார்த்தாள். ஓடிப்போய்க் கை கொடுக்கத் தோன்றவில்லை.

எடை கூட்டுவதற்குக் கொழுந்தைத் தண்ணீரில் நனைக்கிறவர்களும் தோட்டத்தில் உண்டு. வெயில் நாளில் சொட்டச் சொட்ட ஒரு கூடை வந்தால் கங்காணி என்ன நினைப்பார். வழுக்கி விழுந்ததாகச் சாந்தாமணி சொன்னாள். எல்லாத் திருடியும் அதைத்தான் சொல்வாள் என்றார் அழகர்சாமி.

"அக்கா பின்னாடிதானுங்க வந்தாங்க. அவுங்களக் கேளுங்க. அவுங்க என்ன சொன்னாலும் நான் கட்டுப்படறனுங்க" என்றாள் சாந்தாமணி.

அந்த லயத்தில் வழக்குத் தீர்க்க ஒரு முறை இருந்தது. முனியப்பன் கல்லுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்துவார்கள். பார்த்தவர், பார்த்ததைச் சொல்லிவிட்டு உள்ளங்கையால் அதை அணைக்க வேண்டும். ஒரு கற்பூரத்துக்கு ஒரு வாக்கு. அணைத்த பிறகு குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் முனியப்பனையே நம்பவில்லை என்றாகிவிடும். சாயங்காலம் சத்தியம் என்று முடிவாயிற்று.

சாயங்காலம் வரை இசக்கியம்மாள் கொழுந்து கிள்ளிக்கொண்டே வார்த்தைகளையும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல அவள் நினைக்கவே இல்லை. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று அவள் மனசார நம்பியவள். பொய் இல்லாத, ஆனால் சாந்தாமணிக்கு உதவாத ஒரு வாக்குதான் அவளுக்கு வேண்டியிருந்தது. தேடினால் கிடைக்காமலா போகும்.

கற்பூரம் எரிந்தது. இசக்கியம்மாள் நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"கூடை ஓடைத் தண்ணிக்குள்ள முங்கி வெளிய வந்ததப் பாத்தேன். கயிறு அவ கையிலதான் இருந்துச்சு."

சொல்லிவிட்டு அணைத்தாள். கை சுடவில்லை. ஒரு எழுத்துப் பொய் இல்லையே, பிறகு எப்படிச் சுடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கட்டுப்படுகிறேன் என்று சொன்ன சாந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

துரை காதுக்குப் போனால் சீட்டைக் கிழித்து வேலையை விட்டே அனுப்பிவிடுவார் என்று அழகர்சாமி விஷயத்தை லயத்தோடு அமுக்கினார். ஆனால் கொழுந்தை நனைத்தவளைக் கொட்டகைக்கு அனுப்ப முடியாது என்றார். சாமி முன்னால் உண்மை பேசியவள் இருக்கிறாளே, அவளே போகட்டும் என்று முடிவு செய்தார்.

இசக்கியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்தாள். முழங்கால் வலி குறைந்தது. வயிற்றெரிச்சல்தான் குறையவில்லை. தினமும் காலையில் சாந்தாமணி தன் குழந்தையை இவளிடம் கொடுத்துவிட்டு அதே சிரித்த முகத்தோடு சரிவில் இறங்கினாள். கெட்ட பேர் வாங்கியவள் கொஞ்சமாவது வாட வேண்டாமா. கண்ணெதிரே இவளைத் திட்டவாவது வேண்டாமா.

ஆடி மாத மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. குழந்தையை இசக்கியம்மாள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிய சாந்தாமணியிடம், கூடக் கொழுந்து கிள்ள வந்த ஜானகி கேட்டேவிட்டாள். இசக்கியம்மாள் கேட்கட்டும் என்றே சத்தமாகக் கேட்டாள்.

"உன்னயக் கவுத்தவங்ககிட்டயே புள்ளய உடறியே, உனக்கு ரோசமே இல்லியா?"

"அக்கா என்ன பண்ணுவாங்க. அவுங்க வளைவுக்கு அந்தப் பக்கம் வந்தாங்க. நான் வழுக்குனது தெரிஞ்சிருக்காது. எனக்காவ ஒரு வார்த்த கூட்டிச் சொல்லியிருக்கலாம், சொல்லல பாரு. சாமி முன்னால அப்படி நிக்கறவுங்ககிட்ட உடாம வேற ஆருகிட்ட உடறது" என்றாள் சாந்தாமணி.

ஜானகி உதட்டைப் பிதுக்கிவிட்டு முன்னால் போனாள். இசக்கியம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இடத்தைப் பறித்தும் சாந்தாமணியைத் தோற்கடிக்க முடியவில்லை. மழையில் நனைந்து நிற்கிறவள் அவள், நிம்மதியும் அவளுக்குத்தானா. அந்த முகத்திலிருந்து அந்த நம்பிக்கையைத் துடைத்துப்போட வேண்டும் என்று வெறி வந்தது. அதற்கும் அவளிடம் ஒரு உண்மை மிச்சம் இருந்தது.

"நீ வழுக்கி விழுந்ததப் பாத்தேன்" என்றாள். "முழுசாப் பாத்தேன்."

சாந்தாமணியின் முகத்தில் மழைத்தண்ணீர் வழிந்தது. இசக்கியம்மாள் விரும்பியபடியே அந்த முகம் மாறிற்று.

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

"உன்னயப் பாத்தா எனக்கு எரியுது. அதான்."

சாந்தாமணி திட்டவில்லை. குழந்தையைத் திரும்ப வாங்க இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை வரவில்லை. இத்தனை நாளாகத் தூக்கிச் சோறு ஊட்டிய இசக்கியம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிற்று. சாந்தாமணியைத் தேடி வந்த பிரியங்களில் ஒன்று முதல் தடவையாக இவளிடம் வந்திருந்தது. அது வந்திருப்பதே இசக்கியம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் கை தானாக இறுகிற்று.

தாய் பலவந்தமாகப் பிரித்து எடுத்தாள். தலையில் போட்டிருந்த சாக்கால் குழந்தையை மூடிக்கொண்டு, தூளி கட்ட நிழல் மரத்தைப் பார்த்து மழையில் இறங்கினாள். அவள் தோளுக்கு மேலாகக் குழந்தை இசக்கியம்மாளை நோக்கிக் கையை நீட்டி அழுதுகொண்டே போயிற்று.