சுமார் நாற்பது

தம்பி மகன் எங்கள் குடும்ப வரலாறு எழுதுகிறான். பழைய விடுதலைப் பத்திரம் ஒன்றின் நகலை வைத்துக் கணக்குப் போட்டு, என் அத்தை தன்னைப் பெற்ற தாயைவிட மூன்று வயது மூத்தவள் என்று கண்டுபிடித்துவிட்டான். அந்த நகலைக் கொண்டுவந்து நீட்டி, எங்கே பிசகு என்று கேட்டான். பிசகு இல்லையடா, அயோக்கியத்தனம் என்றேன்.

அந்தக் காலத்துப் பத்திரங்களைப் படிக்கத் தனிப் புத்தி வேண்டும். 'தொழில் சுகஜீவனம்' என்றால் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாதவர் என்று பொருள். அத்தை புருஷனின் அண்ணன், நாங்கள் பெரிய மாமா என்று கூப்பிட்ட மனிதர், சாகும்வரை சுகஜீவனம்தான். சாரல் காலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலத்து அருவிக்குப் போய்வருவதை ஒரு உத்தியோகம் போலச் செய்தார். 'பாரியாள்' என்றால் மனைவி, 'விதந்து' என்றால் விதவை. பெண்களிடம் பத்திர எழுத்தர்கள் வயது கேட்பதே கிடையாது. தாலியும் பூவும் இருந்தால் சுமார் 25. வெள்ளைச் சேலை என்றால் சுமார் 40. சேலைக்குள் இருப்பது கிழவியா குழந்தையா என்று நிமிர்ந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தென்காசியில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த நானும் அப்படித்தான் எழுதித் தள்ளினேன். நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அத்தை புருஷன், எங்கள் மாமா, இறந்தபோது அவளுக்கு வயது பதிமூன்று. பாகம் பிரிந்து அவர் பங்குக்கு வந்திருந்த குற்றாலத்துத் தோப்பும் அதிலிருந்த சிறு வீடும் அவளுக்குச் சேரவேண்டியவை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பெரிய மாமா அவளை வில்வண்டியில் கூட்டிப்போய், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைக்கச் செய்தார். அதன்பிறகு இருபது வருஷம் அவர் வீட்டு அடுக்களைதான் அவளுக்கு உலகம்.

யுத்த காலத்தில் தோப்பை விற்கப் புறப்பட்டார். வாங்க வந்தவர் கடையநல்லூர் ஜவுளி வியாபாரி. அவருக்கு வக்கீல் என் முதலாளி. எதற்கும் கிரயப் பத்திரத்திலும் அந்த விதவை ஒரு கைநாட்டு வைக்கட்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அப்படித்தான் பழைய பத்திரத்தின் நகல் என் கைக்கு வந்தது. அன்று சாயங்காலமே அத்தையிடம் போய் அதைப் படித்துக் காட்டினேன். முதலாளிக்குத் தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும். வயது வரும் இடத்தை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பதினெட்டு நிறையாதவர்கள் எழுதிக்கொடுத்தால் செல்லாது என்று சொன்னேன். எழுந்து உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

கிரயப் பத்திரத்தை எழுதியவரும் அந்த விடுதலைப் பத்திரத்தை எழுதிய அதே பழைய எழுத்தர்தான். வக்கீல் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கேட்க, ராகம் போட்டு வாசித்தார்: "விதந்து, வயது சுமார் 40."

அத்தை கதவோரம் நின்றிருந்தாள். "அன்னைக்கும் நாப்பது, இன்னைக்கும் நாப்பதா? எனக்கு முப்பத்து மூணு. அத எழுதுங்க."

பெரிய மாமா சிரித்தார். பொம்பளைக்கு வயசைப் பற்றி என்ன தெரியும், நீர் மேலே வாசியும் என்று எழுத்தரிடம் சொன்னார்.

"எங்க அண்ணன்கிட்ட என் சாதகம் இருக்கு அத்தான். கொண்டாரச் சொல்லுதேன்."

வக்கீல் பழைய நகலை இழுத்து வருஷத்தைக் கழித்துப் பார்த்தார். பதிமூன்று வந்தது. மைனர் வைத்த கைநாட்டை நம்பி வாங்கக்கூடாது என்று அங்கேயே சொல்லிவிட்டார். வியாபாரி எழுந்து எல்லோருக்கும் சலாம் வைத்துவிட்டுப் போனார். பெரிய மாமாவுக்கு முகமெல்லாம் வியர்த்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி அவளை மீறி அந்தத் தோப்பை ஒருவரும் வாங்கமாட்டார்கள். கேஸ் என்று போனால் ஊர் சிரிக்கும் என்ற பயம் வேறு. பெரிய மாமா ஒரு மாதம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு வழிக்கு வந்து தோப்பை அவளுக்கே விட்டார். அத்தையைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போக நான் வண்டியோடு போயிருந்தேன். பெரிய மாமா தோப்பு வீட்டுச் சாவியை அடுக்களை வாசலில் அவள் காலடியில் விட்டெறிந்தார். அத்தை அசையவில்லை.

"எடுத்துக் கையில தாங்க, அத்தான்."

குனிந்து எடுத்துக் கொடுத்தார்.