மாடிப்படி பல்பு

மாடம்பாக்கத்தில் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து கட்டிய வீட்டைப் பாகம் பிரித்தபோது கீழ்வீடு பெரியப்பாவுக்கும் மாடி எங்களுக்கும் வந்தது. கரண்ட் மீட்டரையும் இரண்டாக்கினார்கள். பேச்சுவார்த்தை அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. மாடிப்படி பல்பின் ஸ்விட்ச் மட்டும் கீழ்வீட்டிலேயே தங்கிவிட்டது.

அப்பா எங்கள் மீட்டருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு டிரிப் ஸ்விட்ச் மாட்டினார். அதற்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறதாம். வீட்டுக்குள் போன கரண்ட் அதே அளவில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்குமாம். கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தாலும் மொத்த வீட்டையும் அணைத்துவிடுமாம். எங்கள் குடும்பத்துக்கு ஏற்ற கருவிதான்.

மாட்டிய நாளிலிருந்து சாயங்காலமானால் எங்கள் வீடு இருண்டது. நான் டியூஷன் முடிந்து வந்து கேட்டைத் திறப்பேன். பெரியம்மா மாடிப்படி பல்பைப் போடுவார். மேலே டப்பென்று டிரிப் விழும். பாதி வெந்த குழம்போடு அம்மா இண்டக்‌ஷன் அடுப்பின் முன் நின்றிருப்பாள். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று அப்பா பல்லைக் கடிப்பார்.

ஒருநாள் கீழே போய்க் கத்தியேவிட்டார்.

“எங்க வீட்டு ஸ்விட்சைப் போட்டா உங்க வீட்ல எப்படிடா கரண்ட் போகும்?” என்றார் பெரியப்பா.

“அதைத்தான் நானும் கேக்கறேன். ஒயர்ல என்ன பண்ணி வெச்சிருக்கே?”

பெரியம்மா ஏதோ சொல்ல வந்தார். பெரியப்பா அவரை உள்ளே போகச் சொல்லிவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி பல்பைக் கழற்றினார். அதன்பிறகு டிரிப் விழவே இல்லை. அப்பாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. எனக்கு ஒரு டார்ச் வாங்கிக் கொடுத்தார். அந்த வருடமே பெரியப்பா கீழ்வீட்டை விற்றுவிட்டுக் கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டார். அவர் இறந்தபோதுகூட அப்பா போகவில்லை.

போன மாதம் பெயிண்ட் அடிப்பதற்காகப் படிச்சுவரில் இருந்த ஒயர் பெட்டியை அப்பா திறந்தார். பல்புக்குக் கரண்ட் வந்தது கீழ்வீட்டு லைனிலிருந்து. அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரோ எங்கள் வீட்டு லைனில் சேர்ந்திருந்தது. மீட்டரைப் பிரித்தபோது அந்த ஒரு ஒயரைப் பிரிக்க மறந்திருக்கிறார்கள். எங்களிடமிருந்து போகாத கரண்ட் எங்கள் வழியாகத் திரும்பியதால் டிரிப் விழுந்திருக்கிறது.

“யாரும் ஒண்ணும் பண்ணல,” என்று சொல்லிவிட்டு அப்பா மூடியைத் திருகினார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

கீழ்வீட்டில் இருப்பவர்கள் மாடிப்படி பல்பை எதற்குப் போட வேண்டும் என்று பத்து வயதில் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அவர்கள் யாரும் மாடிக்கு வருவதே இல்லை. அந்த நேரத்தில் அந்தப் படிகளில் ஏறியது நான் ஒருத்திதான்.