வரப்பை மதிக்காத கோடு

அண்ணன் என்று இப்போது எழுதுகிறேன். பங்கு பிரித்த பிறகு நான்கு வருடம் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. 'அவன்' என்பேன், கோபம் தலைக்கேறினால் அதைவிட மோசமாகச் சொல்வேன். பாவூர்சத்திரம் போகும் வழியில் அப்பா வைத்துவிட்டுப் போன வயலை நடுவில் வரப்புப் போட்டுப் பிரித்துக்கொண்டோம். கிழக்குப் பாதி அவனுக்கு, மேற்குப் பாதி எனக்கு. பங்கு பிரித்தபோது விழுந்த வார்த்தைகள் பொறுக்காமல், அந்த வாரமே வரப்பு நெடுக ஆள் உயரத்துக்கு உடைமுள் வேலி போட்டேன். அவன் முகத்தில் விழிக்கவே கூடாது என்பதுதான் எண்ணம்.

முதல் வருடமே என் சோளத்தில் மஞ்சள் வந்தது. வயல் முழுக்க வந்திருந்தால் பூச்சி என்று விட்டிருப்பேன். இது வேலியடியில் தொடங்கி, இரண்டு முழ அகலத்தில், கயிறு பிடித்த மாதிரி நேராக, வயலின் வடக்கு ஓரத்திலிருந்த என் கிணறு வரைக்கும் ஓடியது. இரண்டு பக்கமும் பயிர் இடுப்பளவு நிற்க, நடுவில் மட்டும் முழங்கால் உயரத்தில் வெளிறிக் கிடந்தது. அவன் பக்கத்திலிருந்து தொடங்குகிறது, ஆகவே அவன் வேலை. உப்பைக் கரைத்து ஊற்றியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த வருடம் நல்ல மழை, மஞ்சளைக் காணோம். ஊற்றினாலும் மழையில் கரைந்துபோகும் என்று தெரிந்துதான் சும்மா இருக்கிறான், என்ன விவரம் என்று பல்லைக் கடித்தேன். மூன்றாம் வருடம் மழை பொய்த்தது. அதே இடத்தில் அதே கோடு. சந்தேகப்படத் தொடங்கியவனுக்கு மழையும் சாட்சி, வெயிலும் சாட்சி.

ஊரைக் கூட்டினேன். உப்பு ஊற்றவில்லை என்று சுடலைமாடன் கோவிலில் அவன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றேன். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து ஒருவன் சொல்லிவிட்டால், எங்கள் ஊரில் அதற்குமேல் விசாரணை கிடையாது. சூடத்தைக் கொளுத்தினார்கள். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"கூடப் பொறந்தவன் கேட்டு நான் சத்தியம் பண்ணணுமோ? மாட்டேன்லே."

சூடம் தானாக எரிந்து தீர்ந்தது. செய்தவன்தானே மறுப்பான் என்று ஊர் சொன்னது. அந்த வருடம் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வரி கேட்டு எல்லா வீட்டுக்கும் போனவர்கள், அவன் வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள். ஊரில் ஒருவனை ஆளாக மதிக்கவில்லை என்பதற்கு அதைவிட அடையாளம் வேண்டாம். எனக்கு அது இனித்தது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, வயிறு குளிர்ந்தது.

எனக்குப் பிழைப்பு தென்காசியில். ஒரு கால்வாய் வேலைக்காகப் போட்ட கேம்ப் ஆபீஸில் டிரேசர். வரைபடங்களை மெல்லிய காகிதத்தில் பிரதி எடுக்கிற உத்தியோகம். விமானத்திலிருந்து எடுத்த படங்களும் அங்கே கட்டுக்கட்டாகக் கிடந்தன. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் போதும், மேலதிகாரிகளுக்கெல்லாம் தென்காசியில் அவசர இன்ஸ்பெக்ஷன் வந்துவிடும். காலையில் அருவி, மத்தியானம் விருந்து, மிச்ச நேரத்தில் எங்கள்மேல் எரிந்து விழுவது. அப்படி வந்தவர்களில் ஒருவர் பழைய கோட்டை கொத்தளங்களை ஆராய்கிறவர். தலையில் எண்ணெய் வழிய உட்கார்ந்து, படக்கட்டை என்முன் தள்ளினார்.

"வெளிறின கோடு எங்கெல்லாம் தெரியுதோ குறிச்சு வை. ரோடு, வாய்க்கால், வரப்பு எதுவும் எனக்கு வேண்டாம். வரப்பை மதிக்காம குறுக்கே போற கோடு வேணும்."

எதற்கு என்று கேட்டுவிட்டேன்.

"மண்ணுக்குள்ள கல் சுவர் இருந்தா வேர் இறங்காது. மழையில்லாத வருஷம் அதுக்கு மேல நிக்கிற பயிர்தான் முதல்ல மஞ்சளாகும். இதுகூடத் தெரியாதா?" மிச்சத்தை இங்கிலீஷில் திட்டினார். அந்தத் திட்டு எதுவும் என் காதில் ஏறவில்லை.

எங்கள் ஊர்ப் படத்தைத் தேடி எடுத்து லென்ஸை வைத்தேன். ரோட்டு வளைவு தெரிந்தது. என் சதுரக் கிணறு தெரிந்தது. கம்பளிப்பூச்சி மாதிரிக் கறுப்பாக என் முள்வேலி. அதற்கு மேற்கே என் மஞ்சள், படத்தில் வெள்ளைக் கோடாக. ஆனால் அது வேலியடியில் தொடங்கவில்லை. வேலியைத் தாண்டி அண்ணன் வயலுக்குள் பாதி தூரம் ஓடி, அங்கே வளைந்து வடக்கே திரும்பி, வேறொருவர் புஞ்சைக்குள் நுழைந்து, மேற்கே திரும்பி, கடைசியில் தெற்கே இறங்கி என் கிணற்றடியிலேயே வந்து சேர்ந்தது. வடக்குப் பக்கத்தில் மட்டும் வாசல் போலக் கொஞ்சம் இடைவெளி.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "நாலு பக்கமும் அடைச்ச மதில். கோட்டையா, மாட்டுக்கிடையான்னு தோண்டினாத்தான் தெரியும்," என்று சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, சாயங்காலக் குளியலுக்குக் கிளம்பிவிட்டார்.

அண்ணன்மேல் குற்றமில்லை. சந்தோஷப்பட்டேனா? இல்லை. இந்தப் படத்தைக் கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியும் என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டு நாள் அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். மூன்றாம் நாள், என்மேலேயே எரிச்சல் தாங்காமல், யாருக்கும் தெரியாமல் ஒரு பிரதி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே காகிதத்தை விரித்தேன்.

"இது நம்ம வயல். கீழ பழைய மதில் இருக்கு. அதான் மஞ்சளா வருது. உப்பு இல்ல. நான் ஊரைக் கூட்டிச் சொல்லுதேன்."

கோட்டின்மேல் விரலை வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினான். நான்கு மூலையும் சுற்றி முடித்த பிறகுதான் பேசினான்.

"இதுக்கு ஏரோப்ளேன்ல ஏறிப் பாக்கணுமோ? என் சோளத்துலயும் இதே கோடுதாம்லே, மொத வருசத்துலேருந்து. நீயோ ஊர்க்காரனோ, ஒருத்தனாவது ஒரு நா வயலுக்கு வந்து என் பக்கம் எட்டிப் பாத்தியளா?"

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"நீ கேட்டியா? வந்ததும் சத்தியம்லா கேட்ட."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்கவில்லை. காகிதத்தைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தேன். அவன் சொன்னது அத்தனையும் சரி. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.