சக்கரம் வைத்த வீட்டில் பால் காய்ச்சிய நாள்

டீசல் வாசனையும் பால் பொங்கித் தீய்ந்த வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறியிருக்கிறதா உங்களுக்கு? எனக்கு ஏறியிருக்கிறது. நாங்கள் குடியேறிய முதல் வீட்டின் வாசனை அதுதான்...

வீடு என்றால் செங்கல் வீடு இல்லை. பழைய ஸ்கூல் வேன். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு பிளைவுட்டில் ஒரு கட்டில் அடித்திருந்தேன். 'அவசர வழி' என்று எழுதியிருந்த ஜன்னலுக்குக் கீழே அடுப்படி. பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற டிரெய்லரில் மக்காச்சோளம் அடிக்கிற மெஷின்.

தை பிறந்தால் குன்னம் பக்கம் போய்விடுவேன். ஒவ்வொரு காடாக அடித்து முடித்து, உடையார்பாளையம் திரும்ப மாசக்கணக்காகும். கல்யாணமான முதல் சீசனில் மலர்க்கொடியை ஊரில் விட்டுவிட்டுப் போனேன். இரண்டாவது சீசனில் "நானும் வரேன்" என்று நின்றாள். எங்கள் வீட்டில் அண்ணன்கள், அண்ணிகள், பிள்ளைகள் என்று எந்நேரமும் கூட்டம். அவளுக்கென்று அங்கே இருந்தது பீரோவில் ஒரு தட்டு. அதனால் அந்த வேன்தான் நம்ம வீடு என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள்.

வீடு என்றால் பால் காய்ச்சணுமாம். யாராவது வந்து குடிக்கணுமாம்.

கிளம்புகிற அன்றைக்கு அப்பா டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார், பூசணிக்காய் உடைத்தார். வண்டிக்குச் செய்ய வேண்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பால் என்றதும் சிரித்துவிட்டார்.

"வண்டிக்குப் போயி யாரும்மா பால் காய்ச்சுவா?"

அண்ணிகளும் சிரித்தார்கள். ஒருத்தரும் உள்ளே ஏறவில்லை. மலர்க்கொடி பாலைத் தூக்குவாளியில் ஊற்றி மூடி, மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

அரியலூர் தாண்டுகிற வரைக்கும் முன்னும் பின்னும் சிமெண்ட் லாரிகள். பின்னால் மெஷின் ஆடிக்கொண்டே வந்ததால் மாட்டு வண்டி வேகத்தில்தான் உருட்டினேன். வேகத்தடை வரும்போதெல்லாம் வாளியை அணைத்துக்கொண்டு என்னை முறைத்தாள்... ரோட்டை நான்தான் போட்டேன் என்பதுபோல.

வெயில் ஏறிக்கொண்டே வந்தது. பேசாமல் ஆளுக்குப் பாதியாகக் குடித்துவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"மொதப் பாலே திரிஞ்சு போச்சுன்னா நல்லாருக்குமாங்க?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இது பால் விஷயம் இல்லை என்று.

பெரம்பலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் டிரெய்லர் டயர் பஞ்சர். இரண்டு பக்கமும் பருத்திக்காடு, வேப்பமரம்கூடக் கிடையாது. நான் ஜாக்கியோடு கீழே படுத்தேன். அவள் உள்ளே போய் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். இதற்கு மேல் அந்தப் பால் தாங்காது என்று தெரிந்துவிட்டது அவளுக்கு. யாரும் வராமலே காய்ச்சிவிடுவோம் என்று துணிந்திருக்க வேண்டும். ஆனாலும் வாசலில் வந்து நின்று ரோட்டைப் பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது. ரோட்டில் லாரிதான் போனது.

அப்போதுதான் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் காலி பாட்டிலோடு வந்தார். ஐம்பது வயசிருக்கும். தலையில் துண்டு, இடுப்பில் பருத்தி மடி. குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று என்னிடம்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து இவள் கூப்பிட்டாள்.

"வூட்டுக்குள்ள வாங்கக்கா."

அந்த அம்மா வேனை ஒரு தடவை பார்த்தார். உள்ளே அடுப்பு, சட்டி, இவள் கட்டியிருந்த பட்டுச் சேலை. ஒன்றும் கேட்கவில்லை. கரிசல் மண் ஒட்டிய ரப்பர் செருப்பு இரண்டையும் படிக்குக் கீழே தார் ரோட்டில் கழற்றி விட்டார். பிறகு வலது காலை எடுத்து வைத்து உள்ளே ஏறினார்.

ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி அப்படியே கிடந்தேன்.

உள்ளே பால் பொங்குகிற சத்தம். இவள் பதறி அடுப்பைக் குறைக்கப் போயிருக்கிறாள்.

"இரு பாப்பா, பொங்கட்டும். வூடு நெறையட்டும்" என்றார் அந்த அம்மா.

ஸ்டவ்வெல்லாம் வழிந்து தீய்ந்தது. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர்தான் முதல் டம்ளர் குடித்தார். கிளம்பும்போது மடியிலிருந்து ஒரு பிடி பருத்தியை எடுத்து இவள் கையில் வைத்தார். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்கு வரக்கூடாதாம், விளக்குக்குத் திரி போட்டுக்கொள்ளச் சொன்னார். மலர்க்கொடிக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், கிரீஸ் கையால் துடைத்து முகமெல்லாம் கறுப்பானது வேறு கதை.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. அந்த அம்மா பால் குடித்துக்கொண்டிருந்தபோது இவள் மெதுவாக இறங்கி வந்து, வெயிலில் கிடந்த அந்தச் செருப்புகளை வேனுக்கு அடியில் நிழலில் தள்ளி வைத்தாள். அவர் பெயரைக் கேட்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை...

இப்போது பெரம்பலூரில் டைல்ஸ் போட்ட வீடு. கிரகப்பிரவேசத்துக்கு ஊரே வந்தது, வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. வேனை விற்று வருஷமாகிவிட்டது. விற்ற அன்றைக்கு இவள் சாப்பிடவில்லை.

போன மாசம் பைபாஸ் டீக்கடையில் நின்றிருந்தோம். ஏசி வைத்த பெரிய கேரவன் ஒன்று எதிர்ப்பக்கம் வந்து நின்றது. பின்னால் டிரெய்லர், அதில் இரண்டு பைக். யாரோ வெளியூர்க் குடும்பம். கதவு மூடியிருந்தது. படிக்குக் கீழே வெயிலில் ஒரு ஜோடி சின்னச் செருப்பு, குழந்தையுடையது.

எவ்வளவு வசதி பார் என்று நான் அந்த ஏசியைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இவளைக் காணோம். ரோட்டைத் தாண்டிப் போய், குனிந்து, அந்தச் செருப்புகளை வண்டி நிழலுக்குத் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பி வந்து டீயைக் கையில் எடுத்தாள்.

"திரும்பப் போடுறப்ப சுடுமுல்லங்க" என்றாள்.