அக்கரப்பத்தனையில் கெட்டுப்போன ஒரு ஜப்பான் பெயர்

போன சனிக்கிழமை காலை என் காரைப் பார்க்க ஒருவர் வந்தார்.

ஆமாம், விற்கப் போகிறேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் இதை நம்பமாட்டீர்கள். அந்த வெள்ளைக் காரைப் பற்றி இங்கே எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன்! 'காரை விட்டுவிட்டு வேறு ஏதாவது எழுதுங்கள் ஐயா' என்று ராகலையிலிருந்து ஒரு வாசகர் கடிதமே போட்டார். அவருக்கு நல்ல செய்தி. கிளட்சை மிதிக்க என் இடது முழங்கால் மறுக்கிறது. மகளும் கல்யாணமாகிக் கொழும்புக்குப் போய்விட்டாள். மிச்சமிருக்கும் இரண்டு பேருக்கு எதற்குக் கார்?

வந்தவர் பெயர் சிவகுமார். முப்பது வயதிருக்கும். கட்டாரில் சில வருடம் இருந்துவிட்டு வந்து, இப்போது மரக்கறி வியாபாரம் செய்கிறாராம். கார் பார்க்கத் தெரிந்த ஆள். பொனட்டைத் திறந்தார். ஒயில் மூடியைக் கழற்றி முகர்ந்தார். சட்டைப் பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துக் கதவு கதவாக வைத்துப் பார்த்தார். அடிபட்டுப் பட்டி பூசிய இடமென்றால் காந்தம் ஒட்டாது. என் காரில் எல்லா இடத்திலும் ஒட்டியது. பிள்ளை பரீட்சை எழுதும்போது வெளியே நிற்கும் தகப்பன் மாதிரி நான் நின்றுகொண்டிருந்தேன்.

மீட்டரைப் பார்த்ததும் அவர் நெற்றி சுருங்கியது.

"சார், கோவிச்சுக்காதீங்க. இருவத்திரெண்டு வருசத்துக்கு இவ்வளவுதான் ஓடியிருக்கா? மீட்டர சுத்தி வச்சிருக்கீங்களா?"

"சுத்தல தம்பி. நான் ஓட்டவே இல்ல."

பின் கதவைத் திறந்து காட்டினேன். ஸீட்டில் ஜப்பானில் போட்ட பொலித்தீன் அப்படியே இருந்தது... மஞ்சள் பூத்துப்போய். அதைப் பார்த்துத்தான் நம்பினார். ஆனாலும் முகம் தெளியவில்லை.

"காரு சுத்தமாத்தான் இருக்கு சார். ஆனா இந்தக் கம்பெனிய நெனச்சாத்தான் யோசனையா இருக்கு. எங்க பக்கம் இதுக்கு நல்ல பேரு இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கம்பெனிக்கா? நல்ல பெயர் இல்லையா?

கம்பெனியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் ஆசிரியர் விளம்பரக் கட்டணம் கேட்பார். மலைநாட்டில் பெயர் சொல்லத் தேவையும் இல்லை.

என் சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் வைத்திருந்ததெல்லாம் இங்கிலீஷ் கார்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். மழைக்காலத்தில் அதே கம்பீரத்தோடு நடுரோட்டில் நின்றுவிடும். தள்ளத் தொழிலாளர் லயத்திலிருந்து ஆள் கூப்பிடுவார்கள். நானும் தள்ளியிருக்கிறேன். அப்போது ஜப்பான் கார் என்றால் எல்லோருக்கும் சிரிப்பு. 'தகர டின்' என்பார்கள். அந்தத் தகர டின் ஒரு நாள் ஆறு பேரையும் நாலு கோவா மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, றம்பொடை ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்காமல் ஏறிப்போனது. பிறகு யார் சிரித்தார்கள்? சிரித்த துரையே அதை வாங்கினார். கிளார்க் வாங்கினார். கடைசியில் கல்விக் கந்தோரில் கிளார்க்காக இருந்த நானும் கடன்பட்டு ஒன்று வாங்கினேன்.

இந்தக் காரை வைத்திருப்பவர்கள் ஒரு தனிக் கட்சி. பெற்றோல் ஷெட்டில் சந்தித்தாலும் சரி, சாவு வீட்டில் சந்தித்தாலும் சரி, ஒரே பேச்சுத்தான். 'சாவியத் திருப்பினா ஸ்டார்ட்!' 'எஞ்சின்ல கையே வைக்கல!' அப்புறம் குரலைத் தாழ்த்தி, 'வாங்கின வெலைக்கு மேல விக்கலாம்...'

அந்தக் கடைசி வசனத்தில்தான் நான் விழுந்தேன். என்றோ ஒரு நாள் விற்கப்போகும் காரை அன்றிலிருந்தே காப்பாற்றத் தொடங்கினேன். பொலித்தீனைக் கிழிக்கக் கூடாது. மழையில் எடுக்கக் கூடாது. ஹட்டனில் மழை பெய்யாத நாளைப் பஞ்சாங்கத்தில்தான் தேட வேண்டும்! ஆகவே கார் கொட்டகையில் போர்வைக்குள் இருந்தது. நானும் மனைவியும் பஸ்ஸில் போனோம். வாகன இறக்குமதியை நிறுத்திப் பழைய கார்களின் விலை எகிறிய காலத்தில், நான் போர்வையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துப் பூரித்துப்போனேன்.

சரி, சிவகுமாரிடம் வருகிறேன்.

"யாருப்பா சொன்னது நல்ல பேரு இல்லைன்னு?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கட்சிக்காரனல்லவா?

"எங்க தோட்டத்துல ஒரு பெரியம்மா சார். அக்கரப்பத்தனையில, மேல் டிவிசன். கார் வாங்கப் போறேன்னு சொன்னதுமே, இந்தக் கம்பெனி காரு மட்டும் வேணாம்யான்னுட்டாங்க. அவங்க தம்பி ஒருத்தரு ஹட்டன்ல இத வச்சிருக்காராம். கந்தோர்ல பெரிய வேலையாம். நல்ல மனுசனாம். பாவம், முக்கியமான நேரத்துல காரு நடுரோட்டுல கால வாரி விட்டுருச்சாம். இன்னைக்கும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாங்க."

தேநீர் கொண்டுவந்த என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் காரைப் பார்த்தேன்.

அந்தப் பெரியம்மா என் அக்கா.

அந்த 'நல்ல மனுசன்' யார் என்று இனி நான் சொல்ல வேண்டுமா?

நான் ஹட்டனில் படிக்க அவள் கொழுந்தெடுத்தாள். எங்கள் குடும்ப வரலாறு அவ்வளவுதான். பதினொரு வருடங்களுக்கு முன்னால் அவள் வேலையிலிருந்து ஓய்வு பெறும் நேரம் வந்தது. என்ன வேண்டும் அக்கா என்று கேட்டேன். சேலை என்பாள், கம்பளி என்பாள் என்று நினைத்தேன்.

"எனக்கு ஒண்ணும் வாங்கித் தராத தம்பி. கடைசி நாளு மடுவத்துல கொழுந்த நிறுத்துப் போட்டுட்டு, ஒன் காருல ஏறி வீட்டுக்கு வரணும். அது போதும்."

மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. அங்கிருந்து அவளுடைய லயத்துக்கு ஒன்றரை மைல். வாழ்நாள் முழுக்க அவள் நடந்த ஒன்றரை மைல். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் டிவிசன் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த நாள் காலையிலிருந்தே மழை. நான் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். அந்தத் தோட்டத்து ரோட்டில் ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும். அடியில் ஒரு கல் அடித்தால்? சேற்றுக் காலோடு, இடுப்பில் கட்டிய ஈரச் சாக்குப் படங்கோடு அக்கா ஸீட்டில் உட்கார்ந்தால்?

"அதான் பொலித்தீன் இருக்குதேங்க, தொடச்சா போச்சு" என்றாள் என் மனைவி.

அவள் சொன்னது சரிதான். அப்படியானால் நான் பயந்தது சேற்றுக்கு மட்டும்தானா? இல்லை. இன்று சொல்லிவிடுகிறேன். கந்தோரில் யாராவது ஊர் எது என்று கேட்டால் 'அக்கரப்பத்தனை' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். டவுனா, தோட்டமா என்று கேட்பதற்குள் பேச்சை மாற்றிவிடுவேன். என் கார் லயத்து வாசலில் நிற்பதை யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்? இந்த வெட்கம் எனக்கு இருந்தது. அவள் எடுத்த கொழுந்தில் வளர்ந்த உடம்பில் இருந்தது.

மடுவத்தில் நின்ற கணக்கப்பிள்ளையின் போனுக்கு எடுத்தேன். அவர் அக்காவிடம் கொடுத்தார்.

"அக்கா, வர்ற வழியில காரு நின்னுருச்சு. த்ரீவீலர் ஒண்ணு அனுப்புறேன், அதுல போயிருங்க."

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நிற்காத கார்! அது கொட்டகைக்குள் நனையாமல் இருக்க, நான் அதன் மேல் பழி போட்டேன். அக்கா என்ன சொன்னாள் தெரியுமா?

"ஐயையோ, நீ எங்கடா நிக்கிற? மழையில நனையாத தம்பி. ஏதாச்சும் சாப்புட்டியா?"

நான் அப்போது என் வீட்டில் இட்லி சாப்பிட்டு முடித்திருந்தேன்.

த்ரீவீலர்காரர் மறுநாள் வந்து சொன்னார், அக்கா ஏறவில்லையாம். 'தம்பி நடுரோட்டுல நிக்கிறான், நா மட்டும் எப்புடி சொகுசா போறது' என்று, பிரியாவிடைக்குக் கழுத்தில் போட்ட மாலையோடு மழையில் நடந்தே போனாளாம்.

ஒரு பொய் சொன்னால் அதைக் கட்டிக் காக்க வேண்டும் அல்லவா? அதற்குப் பிறகு அக்காவைப் பார்க்கப் போனதெல்லாம் பஸ்ஸில்தான். 'இன்னுமா சரியாகல?' என்பாள். 'சாமான் ஜப்பான்ல இருந்து வரணும்கா' என்பேன். மகள் கல்யாணத்துக்கு ஹட்டன் வந்தவள், கொட்டகைக்குப் போய்ப் போர்வைக்கு மேலாகக் காரைத் தடவிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போனவளைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்தாள்.

சனிக்கிழமை சிவகுமாரிடம், "ரெண்டு நாள் கழிச்சு வாங்க தம்பி" என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிறு காலை கொட்டகைக்குப் போனால் எனக்கு முன்பே என் மனைவி அங்கே நின்றாள், கையில் கத்தியோடு. ஸீட் பொலித்தீனைச் சர்ரென்று கிழித்துச் சுருட்டி வெளியே போட்டாள். உள்ளே இருந்த துணி நல்ல நீல நிறம். இத்தனை வருடமும் அதைப் பச்சை என்று நினைத்திருந்தேன்.

தலவாக்கலை, லிந்துலை வழியாகப் போனோம். வழக்கம்போல மழை. முழங்கால் ஒவ்வொரு கியருக்கும் முனகியது. கார் முனகவில்லை. தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பியதும் கல்லடியை எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். கல்லே இல்லை! மேல் டிவிசன் வரைக்கும் கொங்கிரீட் போட்டிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிக் குறுக்கு வழியில் ஏறிப் போகிற எனக்கு அது தெரியவில்லை.

லயத்து வாசலில் ஹோர்ன் அடித்தேன். அக்கா வெளியே வந்தாள். காரைப் பார்த்து இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஓடுதா? சரியாயிருச்சா தம்பி?"

"ஏறுங்க, மடுவத்துக்குப் போயிட்டு வருவோம்."

செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு ஏறினாள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கையைக் காட்டினாள். மடுவம் பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அல்லவா? சுற்றியிருந்த மலையில் ஒரு ஆள் இல்லை. அவளோடு கொழுந்தெடுத்தவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடும் இல்லை. யாரிடம் காட்டுவதற்காக அவள் இந்தச் சவாரியைக் கேட்டாளோ, அவர்கள் யாருமே அங்கே இல்லை. காரை நிறுத்தினேன். அவள் வைப்பர் அசைவதையே சந்தோசமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அன்னைக்குக் காரு நிக்கல. நான் வீட்டுலதான் இருந்தேன். வர மனசில்லாம பொய் சொன்னேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தது.

அக்கா சிரித்தாள். என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"போடா. காருக்குக் கெட்ட பேரு வந்துருமேன்னு பழிய ஒன் மேல போட்டுக்கிறியா? நா கூப்புட்டு நீ வராம இருப்பியா? எனக்குத் தெரியாதா என் தம்பிய? காருதான் சரியில்ல."

"இல்லக்கா, நெசமாத்தான்..."

"சும்மா இரு. அந்தச் சிவகுமாருகிட்டயும் சொல்லிட்டேன், இந்தக் கம்பெனி வேணாம்னு. நீயும் அடுத்த தடவ நல்ல கம்பெனியா பாத்து வாங்கு."

சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட்.

ஜப்பான்காரர்களே, என்னை மன்னித்துவிடுங்கள்.