கேர்ட் அம்மாவின் பக்கத்துக் கண்ணாடி

நான் ஒஸ்லோவுக்கு வந்த முதல் குளிர்காலம். ஒரு ஞாயிறு பூசை முடிந்து மேலங்கியை எடுத்துப் போட்டேன். பைக்குள் ஒரு சோடி கம்பளிக் கையுறை இருந்தது. யாரோ மாறி வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, கையில் பிடித்தபடி கோயில் வாசலில் நின்று எல்லாரையும் கேட்டேன். ஒருவரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. பஸ் தரிப்பிடத்தில், அதே பூசைக்கு வந்திருந்த புளோறன்ஸ் அக்கா இரண்டு கைகளையும் சட்டைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

"குளிருதோ அக்கா?"

"இல்லையடி பிள்ளை. எனக்குக் கை வேர்க்கிற வருத்தம்."

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன். கையுறை தன்னுடையதென்று அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

மன்னாரில் பேசாலைதான் அக்காவின் ஊர். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில், பின்னேரம் பிள்ளைகள் போன பிறகு துப்புரவாக்கும் வேலை. கணவர் எட்வேட் அண்ணை பாண் சுடும் தொழிற்சாலையில் விடியற்காலை வேலை. மகள் நிலூஜா ஒருத்திதான். பல வருடம் ஹவுகன்ஸ்டுவாவில் மாடிவீட்டில் இருந்துவிட்டு, இரண்டாயிரத்து நாலாம் ஆண்டளவில் அம்மருட்டில் ஒரு தொடர்வீடு வாங்கினார்கள். முன்பு இருந்தவர்கள் பின்பக்கம் ஒரு கண்ணாடி அறை கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று பக்கமும் கண்ணாடி. குளிர்காலத்தில் கொஞ்ச நேரம் வருகிற வெயிலைக்கூட அது பிடித்து வைத்துக்கொள்ளும். அக்காவுக்கு அந்த அறையென்றால் உயிர்.

சின்ன முற்றத்துக்கு அந்தப் பக்கம், அயல்வீட்டு நோர்வேக்காரி கேர்ட் அம்மாவின் குசினி யன்னல். கேர்ட் அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். புருஷன் செத்துப்போனார். மகன் வடக்கே எங்கோ தூரத்தில். காலையில் எழும்பியதும் யன்னல் திரையைச் சுருட்டி ஏற்றுவார். இந்தப் பக்கம் அக்கா தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக் காட்டுவார். அங்கிருந்து ஒரு கோப்பிக் கோப்பை எழும்பும். இரண்டு பேருக்கும் நடுவில் கதைக்கப் பாஷை அவ்வளவாக இல்லை. கோப்பைதான் பாஷை.

ஒருநாள் கேர்ட் அம்மா வந்து, நிலூஜாவைக் கொண்டு சொல்வித்து, தன் வீட்டு வாசற்கதவின் திறப்பு ஒன்றை அக்காவின் கையில் வைத்தார். காலையில் என் திரை ஏறாவிட்டால் வந்து பார் என்று கேட்டுக்கொண்டார். அக்கா அந்தத் திறப்பைச் சிலுவைக்குக் கீழே ஆணியில் மாட்டினார். ஒரு உயிரை நம்பித் தந்திருக்கிறா என்று என்னிடம் சொன்னார்.

அந்த வருடம் ஐப்பசியில் எங்கள் செபமாலைச் சுற்று அவர்கள் வீட்டுக்கு வந்தது. மடு மாதா சுரூபம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிழமை இருக்கும். இரவில், வேலைகள் முடிந்த பிறகு, எல்லாரும் கூடிச் செபிப்போம். இருபது முப்பது பேர் வேறெங்கே கொள்ளுவார்கள்? கண்ணாடி அறைக்குள்தான் முழந்தாளில் நின்றோம். வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம். நாய் கொண்டு நடப்பவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

செபம் முடிந்ததும், எங்களோடு செபிக்க வந்திருந்த அருள்நாயகி தொடங்கினார். "புளோறன்ஸ், இது வீடோ, மீன் தொட்டியோ? நாங்கள் அருள் நிறைந்த மரியே சொல்லேக்கை ஒரு நாய் குந்தியிருந்து கேட்டதடி!"

எல்லாரும் சிரித்தார்கள். எட்வேட் அண்ணைக்கு மட்டும் முகம் கறுத்துவிட்டது.

அடுத்த ஐப்பசிக்கு முன்னம் திரை போடுவதென்று முடிவாயிற்று. கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைக்காரப் பெண் துணி மாதிரிகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வைத்தாள். அக்காவின் கை ஒரு மெல்லிய துணியில் நின்றது. மடிப்பு மடிப்பாக இருக்கும், வெளிச்சத்தை விடும், மேலிருந்தும் இறக்கலாம், கீழிருந்தும் ஏற்றலாம். எட்வேட் அண்ணை தடித்த துணி ஒன்றைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை.

"இதுதான் திரை. மற்றது நுளம்பு வலை."

"அறை இருண்டு போயிடுமெல்லே?"

"பகலிலை ஏத்தி விடும். ஆர் வேண்டாமெண்டது?"

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அப்ப ஒண்டு செய்வம். கேர்ட் அம்மாவின்ரை பக்கத்துக் கண்ணாடியை மட்டும் சும்மா விடுவம்."

"ஒண்டை மட்டும் விட்டால் பல்லு விழுந்த வாய் மாதிரிக் கிடக்கும். இஞ்சரும், பிறகு அருள்நாயகி அதுக்கும் ஒரு கதை சொல்லுவா."

அக்கா சண்டை பிடிக்கிற ஆளில்லை. மெல்லிய துணியை ஒருமுறை தடவிவிட்டு மடித்து வைத்தார். "சரி. உங்கடை விருப்பம். காலமை நான் ஏத்தி விடுறன்."

அப்படியே ஏற்றியும் விட்டார். சந்தனநிறத் திரைகள் எல்லாம் மூடிக் கிடக்க, காலையில் அந்த ஒன்று மட்டும் முதலில் மேலே போகும். கோப்பை எழும்பும்.

அடுத்த ஐப்பசியில் மாதா திரும்பவும் வந்தார். சுரூபத்துக்கு மேசை எங்கே வைப்பதென்று பார்த்தபோது, நடுப்பக்கம்தான் வடிவாக இருந்தது. அது கேர்ட் அம்மாவின் பக்கம். பின்னால் திரை நேராக விழுந்திருந்தது. முன்னால் மேசை, வெள்ளை விரிப்பு, பூ, மெழுகுதிரி. எல்லாருக்கும் சந்தோசம். திரையை ஏற்றும் கயிறு மேசைக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டது. ஒரு வீட்டில் வைத்த சுரூபத்தை, செபம் சொல்லி அடுத்த வீட்டுக்கு எடுக்கும்வரை நாங்கள் அசைப்பதில்லை. அது எங்கள் வழக்கம்.

"கேர்ட் அம்மா காலமை பாத்துக்கொண்டிருப்பாவெல்லே" என்றார் அக்கா.

"ஒரு கிழமைதானே" என்றார் எட்வேட் அண்ணை. "அதுக்குள்ளை கிழவி ஓடியே போகப்போகுது?"

முதல் நாட்களில் அக்கா சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு முற்றத்துக்குப் போய், கேர்ட் அம்மாவின் திரை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். பிறகு விடாத மழை. இரவு செபத்துக்கு வருகிறவர்களுக்குப் பலகாரம் சுட வேண்டும், அதற்குப் பிறகு வேலைக்கு ஓட வேண்டும். ஒரு காலை போகவில்லை. அடுத்த காலையும் போகவில்லை. அன்று மத்தியானம் வீட்டு மணி அடித்தது. கேர்ட் அம்மாவுக்கு இடையிடையே மருந்து கொடுக்க வரும் தாதிப் பெண் வாசலில் நின்றாள். கதவு பூட்டிக் கிடக்கிறது, அவர் குசினி நிலத்திலிருந்து சத்தம் கொடுக்கிறார், நேற்றுக் காலையிலிருந்து கிடக்கிறாராம், அம்புலன்ஸ் வருகிறது, திறப்பு வைத்திருப்பது நீங்கள்தானே என்று கேட்டாள்.

திறப்பு சிலுவைக்குக் கீழே அப்படியே தொங்கியது.

ஆஸ்பத்திரிக்கு அக்காவோடு நானும் போனேன். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. கேர்ட் அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கோபமில்லாமல், மெதுவாகக் கேட்டார்.

"பயணம் போயிருந்தாயா?"

அக்காவுக்குத் தெரிந்த நோர்வே மொழியில் அதற்கு ஒரு சொல்தான் இருந்தது. "வீட்டில்" என்றார். கேர்ட் அம்மா தலையாட்டினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கேர்ட் அம்மா பிறகு அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வருடம் ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனுக்கு முன்னம் ஆண்டவர் அவரை எடுத்துக்கொண்டார். அக்கா அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து கதிரையில் ஏறி, அந்த ஒரு திரையை மட்டும் கழற்றினார். எட்வேட் அண்ணை பல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தக் குசினிக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். அக்கா காலையில் கண்ணாடி அறையில் இருந்துதான் தேத்தண்ணி குடித்தார். கோப்பையைத் தூக்கியதை நான் பிறகு காணவில்லை.

நிலூஜா துரொண்ட்ஹெய்மில் படித்து, அங்கேயே கலியாணம் முடித்து, பிள்ளையும் பெற்றாள். பேரனைப் பார்க்க வேண்டுமென்று வீட்டை விற்றுவிட்டு இவர்களும் அங்கே போனார்கள். வழியனுப்ப றெயில் நிலையத்துக்குப் போனேன். எட்வேட் அண்ணை பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். வெளிக்கிடும் நேரமாகிவிட்டது. அக்கா படியில் ஒரு கால் வைத்தவர், திரும்பி வந்து என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, மாதாவை ஒருக்கா அங்காலை தள்ளி வைச்சிருந்தால், அவ கோவிச்சிருப்பாவே?"