காங்கிரீட் வெர்லின் யோசனை கேட்ட நாள்

வெர்லின் ஹாஸ்கே வாரத்தில் ஆறு நாள் குளிருக்கு வீடுகளைச் சூடாக்கும் கேஸ் கொண்டுபோகும் லாரி ஓட்டுவார். ஏழாம் நாள், அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு சின்ன ஊரின் பேஸ்பால் மைதானத்தில் அம்பயர். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தீர்ப்பைக்கூட மாற்றியதில்லை. 'காங்கிரீட்' என்று ஊரார் கேலியாக வைத்த பெயரை அவர் பட்டம் மாதிரி சுமந்து திரிந்தார்.

மைதானத்தின் நடுவில் நிற்கும் இன்னொரு அம்பயர் லோவல், வெர்லினுடைய மனைவியின் தம்பி. தீர்ப்புச் சொன்னவர் வந்து கேட்டாலொழிய மற்றவர் வாய் திறக்கக் கூடாது என்பது அவர்கள் தொழில் முறை. வெர்லின் கேட்டதே இல்லை. லோவலும் தன் ஷூவைப் பார்த்தே காலத்தை ஓட்டிவிட்டார்.

அந்த ஞாயிறு, எட்டாவது இன்னிங்ஸ். உள்ளூர் அணி ஒரு ரன் முன்னால். வெளியூர்க்காரன் ஒருவன் ரன்னை முடிக்க, தரையில் பதித்த ஹோம் பிளேட்டுக்குச் சறுக்கி வந்தான். பிளேட்டைக் காத்து நின்ற கேட்சர் அவனைக் கையுறையால் தொட்டார். ஒரே புழுதி. வெர்லின் முஷ்டியை உயர்த்தினார்: அவுட். சாசேஜும் கையுமாக ஊரே எழுந்து கூச்சல் போட்டது.

வெளியூர்ப் பயிற்சியாளர் ஆர்டெல் நிதானமாக நடந்து வந்தார்.

"கையுறை தொட்டுச்சு வெர்லின். உள்ள பந்து இருந்தாத்தானே அவுட்டு? இருந்துச்சா?"

"இருந்திருக்கும்."

"உன் மச்சினனைக் கேளேன். பாவம், மென்னு முழுங்கிட்டு நிக்கிறான்."

புழுதியில் பந்தை வெர்லின் பார்க்கவில்லை. கேட்டால் காங்கிரீட் இன்றோடு உடையும், அதுவும் சொந்த ஊர் முன்னால். கேட்காவிட்டால், ஒருத்தன் ஓடி எடுத்த ரன்னைத் தானே பிடுங்கியதாகும். மைதானத்தின் நடுவுக்கு நடந்தார்.

இருவரும் கூட்டத்துக்கு முதுகு காட்டி, தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டார்கள்.

"என்ன பாத்த மாப்ளே?"

"பந்து கேட்சர் காலுக்குப் பின்னாடி விழுந்துருச்சு அத்தான்."

"இதுக்கு முன்னாடியும் இப்படி...?"

"ஆரம்பிச்சா பொழுது சாஞ்சிரும்."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு."

"உங்க தம்பிக்கு அவுட் குடுத்தீங்களே, அது சேஃப்."

"அன்னைலேருந்து அவன் என்கூடப் பேசுறதில்ல."

"தெரியும்."

வெர்லின் திரும்பி வந்து இரண்டு கைகளையும் அகல விரித்தார். சேஃப். ரன் செல்லும், ஆட்டம் சமம். ஊர் கொதித்தது.

"குளிர்காலத்துல கேஸ் கொண்டு வருவல்ல, அப்ப வச்சுக்கிறோம்" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"அவன் வரலேன்னா விறைச்சுக் கெடக்கப்போறது நீதான். உக்காரு" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒருவன் ஹோம் பிளேட்டுக்கு மூன்று எட்டு முன்னாலேயே அவுட். குழந்தைக்கும் தெரியும். அவுட் கொடுத்த வெர்லின் மறுபடி மைதானத்தின் நடுவுக்கு நடந்தார். லோவல் பதறி எதிரே வந்தார்.

"அத்தான், அது சுத்தமான அவுட்டு."

"தெரியும்டா. தொப்பியத் தூக்கிப் பிடி." வெர்லின் குரலைத் தாழ்த்தினார். "தம்பிக்குப் போன் போட்டா, முதல்ல என்ன சொல்லட்டும்?"